கண்ணீருக்கு அருகில் சிரிப்பு
(சாப்ளினின் 'தி கிட்' படத்தைக் குறித்து ஒரு திறனாய்வு)

துயருற்ற பிள்ளை சிரிக்கும்போது பெரியோராகிய நாம் இருவகையில் பிழைபடுகிறோம். பிள்ளைக்கு இழப்பு விளங்கவில்லை என்று எண்ணுகிறோம். அல்லது துயரம் தீர்ந்துவிட்டது என்று ஆறுதலடைகிறோம். இரண்டும் தவறு என்பதற்கு, 1921-இல் வெளிவந்த சார்லி சாப்ளினின் 'தி கிட்' என்னும் பேசாப் படம் சான்று பகர்கிறது.

சாப்ளின் 1889-இல் பிறந்தவர். 1896-இல் அவரும் தமையனும் தாயுடன் லண்டன் லாம்பெத் பகுதியின் ஏழையர் விடுதியில் புகுந்தனர். அங்கு பிள்ளைகள் தாயினின்று பிரிக்கப்பட்டு, ஹான்வெல் என்னும் ஊரிலிருந்த பள்ளிக்கு அனுப்பப்பட்டனர். 1898-இல் தாய் மனநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். குடியால் நலிந்த தந்தை 1901-இல் மறைந்தார். எனினும், சன்னலருகே நின்று தெருவில் செல்வோரைப்போல் நடித்துக் காட்டி மைந்தரை மகிழ்வித்தவரும் அத்தாயே.

1964-இல் வெளியிட்ட தன்வரலாற்றில் சாப்ளின் ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறார். கொல்களத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட ஆடு ஒன்று தப்பியோடியது. துரத்தியவர் தடுமாறி விழுவதைக் கண்டு சிறுவன் சாப்ளின் நகைத்தான். ஆடு பிடிபட்டதும், அதற்கு நேரவிருப்பதை உணர்ந்து தாயிடம் ஓடி அழுதான். நகையும் அழுகையும் ஒரே காட்சியினின்று பிறக்கக்கூடும் என்பதே இதன் பொருள்.

இவ்வனுபவமே படத்தின் உட்கூறு. 1919-இல் பிறந்து மூன்றே நாளில் இறந்த தம் முதற்குழந்தையை அடக்கம்செய்த அதே ஆண்டில் அவர் இப்பணியைத் தொடங்கினார். கைவிடப்பட்ட குழந்தையை ஏழை நாடோடி ஒருவன் வளர்க்கிறான். காப்பிக்குவளையே பால்புட்டியாகிறது, கிழிந்த போர்வையே மேலங்கியாகிறது. நாம் சிரிக்கிறோம். ஆனால் ஏழ்மையைக் கண்டு சிரிக்கவில்லை. ஏழ்மைக்கு அடிபணியாத அன்பைக் கண்டு சிரிக்கிறோம். அநாதை விடுதியார் சிறுவனை வண்டியிலேற்றும்போதோ நகைச்சுவை முற்றிலும் நின்றுவிடுகிறது. கைநீட்டிக் கதறும் அச்சிறுவனில் ஹான்வெல் சென்ற பிள்ளையைக் காண்கிறோம். அழவேண்டிய இடத்தில் சாப்ளின் நகைச்சுவையைக் கொண்டு நம்மை ஏமாற்றவில்லை. இதுவே படத்தின் மேன்மை.

குறைகளும் உண்டு. கைவிடப்பட்ட தாயின் நிலையைக் காட்டச் சிலுவை சுமக்கும் கிறிஸ்துவின் உருவம் இடையில் புகுத்தப்படுகிறது. சமயக் கருத்து வெளிப்படையாயிருப்பினும் இக்காட்சி வலிந்து சொன்ன பாடம்போல் நிற்கிறது. நாடோடி தன் அடையைச் சிறுவனுடன் சரிபாதியாகப் பங்கிடும் எளிய காட்சி அதைவிட ஆழமாகப் பேசுகிறது. செல்வந்தையாகிவிட்ட தாயின் இல்லத்தில் எல்லாரும் கூடும் முடிவும் சற்று எளிதாகவே வந்துவிடுகிறது. ஹன்னா சாப்ளினின் பிள்ளைகளுக்கு அத்தகைய கதவு திறக்கவில்லை.

ஆயர் பணியில் உள்ளோருக்கு இப்படம் ஒரு கேள்வியை விடுக்கிறது. பல்லாண்டுகளுக்கு முன், தாயை அடக்கம்செய்த மூன்றாம் நாள், ஒரு சிறுவன் என் நடையையும் குரலையும் நடித்துக் காட்டித் தன் தங்கையைச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தான். துக்கவீட்டில் இது தகாது என்று நான் அவனைக் கடிந்துகொண்டேன். அவன் அடங்கினான், தங்கை அழத் தொடங்கினாள். அவ்வீட்டில் அன்று அச்சிறுமிக்கு ஆறுதல் கூறிக்கொண்டிருந்தவன் அவன் ஒருவனே என்பதை நான் மிகத் தாமதமாகவே உணர்ந்தேன்.

நகைச்சுவை துயரத்தைத் தீர்க்கும் மருந்தன்று. பிள்ளை தன்னால் தாங்கக்கூடிய அளவுக்குத் துயரத்தைச் சிறிது சிறிதாக ஏற்பதற்கு அது இடைவேளை தருகிறது. அந்த இடைவேளையை நாம் பறிக்கவேண்டாம். அது முடிந்து அழுகை வரும்போது அருகில் இல்லாதிருக்கவும் வேண்டாம்.