துட்டுக்கும் பியாஸ்தருக்கும் ஒரு பதிவேடு: ஓப்பன்நியூமிஸ்மேட்

நாணயச் சேகரிப்புக்கான இலவச மென்பொருள் ஓப்பன்நியூமிஸ்மேட். விண்டோஸ், லினக்ஸ், மேக் கணினிகளில் ஓடும். விவரங்களையும் படங்களையும் ஒரே கோப்பில் போட்டு நம் கணினியிலேயே வைத்துக்கொள்கிறது. வீட்டில் என்னென்ன காசு இருக்கிறது என்பதை ஊருக்கெல்லாம் தெரிவிக்க விரும்பாதவர்களுக்கு இதுவே பெரிய நிம்மதி. புதுச்சேரிக் காசுகளை அதில் பதிந்து பார்த்தேன்.

முதலில் செம்புத் துட்டு. ஒரு பக்கம் பிரெஞ்சு அரசின் லில்லிப் பூ, மறுபக்கம் தமிழில் புதுச்சேரி. ஆண்டு கிடையாது, அந்தக் கட்டத்தைக் காலியாக விட மென்பொருள் அனுமதிக்கிறது. காசில் உள்ள எழுத்தைத் தமிழிலேயே தட்டச்சு செய்யலாம். 'குறைபாடு' என்ற கட்டத்தில் 'புளி போட்டுத் தேய்த்தது' என்று எழுதினேன். செம்பைப் பளபளப்பாக்கினால் பழமையின் நிறம் போய்விடும், மதிப்பும் இறங்கும். பிற்பாடு கையில் எடுப்பவருக்கு அது தெரிந்தாக வேண்டும்.

ஆற்காட்டு ரூபாய்தான் சோதனை. பிரெஞ்சு ஆளுநர் துய்மா காலத்தில், 1736இல், ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலியின் அனுமதியோடு புதுவையில் அடிக்கத் தொடங்கிய வெள்ளி. காசில் இருக்கும் பெயரோ ஆற்காடு. புதுவையில் அடித்தது என்பதற்கு அடையாளம் பிறைக் குறி. 'நாணயச்சாலை' கட்டத்தில் புதுச்சேரி என்றும், பொறித்த எழுத்துக்கான கட்டத்தில் ஆற்காடு என்றும், குறிக்கான கட்டத்தில் பிறை என்றும் பிரித்துப் போட முடிந்தது. வெறும் நோட்டுப் புத்தகத்தில் இந்த மூன்றும் ஒரே வரியில் குழம்பிவிடும்.

எடைக் கட்டத்தின் அருமை பியாஸ்தரில் தெரிகிறது. சைகோனில் உத்தியோகம் பார்த்துத் திரும்பிய புதுவைக் குடும்பங்களில் பியாஸ்தர் எனும் இந்தோசீன வெள்ளிக் காசுகள் உண்டு. 1885இலிருந்து பியாஸ்தரின் எடை 27.215 கிராம். 1895இல் அதை 27 கிராமாகக் குறைத்தார்கள். அந்த ஓராண்டில் மட்டும் இரண்டு எடையும் உண்டு. எந்த எடை என்று காசின் மேலேயே பொறித்திருக்கும், 900 தரம் என்பதோடு சேர்த்து. 0.01 கிராம் வரை காட்டும் சிறு தராசில் நிறுத்து, தராசு சொன்னதை எடைக் கட்டத்திலும், காசு சொல்வதைக் குறிப்பிலும் எழுதுங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் போலியோ என்று சந்தேகிக்கலாம்.

காசை அடையாளம் காண நியூமிஸ்டா இணையப் பட்டியல் கைகொடுக்கும். அங்கே ஒவ்வொரு வகைக்கும் ஓர் எண் உண்டு. அதை இங்கே பட்டியல் எண்ணாகப் போட்டுவிட்டால் மறுபடி தேட வேண்டாம்.

மனத்துக்கு ஒட்டாதது ஒன்று: விற்றவர், விலை, தேதி ஆகிய கட்டங்களெல்லாம் கடையில் வாங்கியவருக்கானவை. தாத்தா பெட்டியிலிருந்து வந்த காசுக்கு விலை ஏது? யார், எந்த ஊரிலிருந்து, எப்போது கொண்டுவந்தார் என்பதைக் குறிப்புப் பகுதியில் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. நான் முதலில் நிரப்பச் சொல்வது அதைத்தான். எடையை நாளைக்கும் நிறுத்துக்கொள்ளலாம், பெரியவர்களிடம் இன்றைக்கே கேட்டாக வேண்டும்.

கோப்பின் நகல் ஒன்றைப் பென்டிரைவில் போட்டு, காசுகள் இருக்கும் பீரோவில் வைக்காமல் வேறு இடத்தில் வையுங்கள்.