சாலைக் கரையும் படகுக் கரையும்

ராமேசுவரத்துக்கும் நெடுந்தீவுக்கும் சூரியன் ஏறக்குறைய ஒரே நாளில்தான் உச்சிக்கு வருகிறது. இரண்டும் வட அட்சரேகை 9 பாகைக்கும் 10 பாகைக்கும் நடுவில் கிடப்பவை. சித்திரை பிறக்கிற வாரத்தில் ஒருமுறையும் ஆவணியில் மறுமுறையும் நண்பகல் நிழல் காலுக்கடியில் ஒடுங்கிவிடும். மழையும் இரு கரைகளுக்கும் ஐப்பசி, கார்த்திகையில்தான். பனையும் உடைமரமும் உவர்மண்ணும் இரு பக்கத்துக்கும் பொது. இத்தனை பொருத்தம் இருந்தும், கோடையில் இந்தக் கரைகளுக்குப் போய்வருகிற வழக்கம் பாக் நீரிணையின் இரு பக்கமும் வேறு வேறாக இருக்கிறது. ராமநாதபுரக் கரைக்குப் போகிறவர் அரைமணி நேரம் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார். யாழ்ப்பாணத் தீவுகளுக்குப் போகிறவருக்குப் பெரும்பாலும் ஒரு முழுப் பகல் போய்விடுகிறது. மக்களின் குணம், பண்பாடு, பக்தி என்று இதற்குக் காரணம் தேடுவது சுலபம். என் எண்ணத்தில் காரணம் அதைவிடச் சாதாரணமானது. ஒரு பக்கம் தார்ச்சாலை கடைசி மணல்திட்டு வரை போகிறது. மறுபக்கம் அது குறிகட்டுவான் இறங்குதுறையில் நின்றுவிடுகிறது. கோடைப் பயணிக்கு ஆயிரம் யோசனை சொல்லலாம். அவற்றில் பாதி இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து பிறப்பவை.

ராமேசுவரத் தீவின் கோடியில் உள்ள தனுஷ்கோடிக்கு முன்பெல்லாம் இப்படிச் சாலை இருந்ததில்லை. சென்னையிலிருந்து வந்த போட் மெயில் பயணிகளை அங்கே இறக்கிவிடும். அங்கிருந்து கப்பலில் தலைமன்னாருக்குப் போய் இலங்கை ரயில் ஏறுவார்கள். 1964 டிசம்பர் 22 இரவுப் புயல் ஊரையும் ரயிலையும் சேர்த்துக் கொண்டுபோனது. வசிக்கத் தகாத இடம் என்று அரசு அறிவித்த பிறகும் மீனவக் குடும்பங்கள் திரும்பி வந்து குடிசை போட்டன. அதற்குப் பின் அரை நூற்றாண்டு காலம், முகுந்தராயர் சத்திரம் தாண்டினால் மணல்தான். மணலிலும் ஈரச் சேற்றிலும் வண்டி ஓட்டத் தெரிந்த உள்ளூர்க்காரர்கள்தான் பயணிகளை ஏற்றிச் சென்றார்கள். எப்போது போகலாம், எங்கே கால் வைக்கக் கூடாது, எப்போது திரும்ப வேண்டும் என்பதெல்லாம் அந்த ஓட்டுநரின் முடிவு. 2017இல் நிலம் முடியும் அரிச்சல்முனை வரை சாலை திறந்ததும் அந்த முடிவு காரை ஓட்டிவருகிறவர் கைக்குப் போனது. அவர் மதுரையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ வருகிறார். பள்ளி விடுமுறை, அதனால் மே மாதம். காலையில் கோயிலில் இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடி முடிப்பதற்குள் பொழுதேறிவிடும், அதனால் அரிச்சல்முனைக்கு வந்து சேருவது உச்சிவேளையில். நிழலுக்கு ஒரு மரம் இல்லாத இடத்தில் கத்திரி வெயிலில் கதவைத் திறந்து இறங்குகிறார்கள். பத்து நிமிடத்தில் குழந்தை அழும். படம் எடுத்தாயிற்று, கிளம்பலாம்.

இதைச் சோம்பல் என்று திட்டுவதில் பயனில்லை. குளிரூட்டிய வண்டி எந்த நேரத்தையும் உகந்த நேரம்போலக் காட்டிவிடுகிறது, அவ்வளவுதான். அதைவிட ஆபத்தானது கடல் பற்றிய அறியாமை. ராமேசுவரத்து மீனவர்கள் வடக்கே இருக்கிற பாக் நீரிணையைப் பெண்கடல் என்றும் தெற்கே இருக்கிற மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். வைகாசி பிறந்து தென்மேற்கிலிருந்து காற்று வீசத் தொடங்கினால் ஆண்கடல் கொந்தளிக்கும். அப்போது தீவின் வடகரையோரம் பெண்கடல் குளம்போலக் கிடக்கும். வாடை நாட்களில் இது தலைகீழாக மாறும். அரிச்சல்முனை இரண்டும் மோதுகிற இடம். நீரோட்டமும் ஆழமும் மாறிக்கொண்டே இருப்பதால் அங்கே குளிக்கக் கூடாது என்று பலகை வைத்திருக்கிறார்கள். பலகையைப் படித்துவிட்டு முழங்கால் அளவுக்கு இறங்குகிறவர்களுக்குக் குறைவில்லை. மணல் வண்டியின் ஓட்டுநர் ஒருவர் பக்கத்தில் நின்றிருந்தால் இறங்க விட்டிருக்க மாட்டார்.

எதிர்க்கரையைப் பார்ப்போம். யாழ்ப்பாணத்திலிருந்து வேலணை, புங்குடுதீவு வரை கடலுக்குள் போட்ட பாதை. குறிகட்டுவானில் அது முடிகிறது. அங்கிருந்து நயினாதீவுக்கு இருபது நிமிடத்துக்குள் போய்விடலாம். நெடுந்தீவுக்குச் சுமார் ஒரு மணி நேரம். நெடுந்தீவுக்குக் காலையில் போகிற படகைத் தவறவிட்டால் அன்றைய பயணம் குலையும். பிற்பகலில் திரும்புகிற படகைத் தவறவிட்டால் இரவு அங்கேதான். ஆகவே வெயிலுக்கு முன் கிளம்ப வேண்டும் என்று யாரும் புத்தி சொல்லத் தேவையில்லை. படகே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. போய் இறங்கியபின் அடுத்த படகு வரை சில மணி நேரம் கையில் இருக்கிறது. தீவுக்குள் சுற்ற ஊரவரின் ஓட்டோவையோ பிக்கப்பையோ பிடிக்க வேண்டும். பவளக்கல்லை அடுக்கிக் கட்டிய வேலிகள், ஒல்லாந்தர் கோட்டை, பெருக்குமரம், மேய்ந்து திரியும் குதிரைகள் என்று பார்த்துவிட்டு, மதியச் சாப்பாட்டையும் அங்கேயே சொல்லிவைக்க வேண்டும். ஓட்டுபவர் வெயில் ஏறும்போது எங்கே நிறுத்துவது என்று அறிந்தவர். 2017க்கு முன் தனுஷ்கோடியில் இருந்த அதே ஏற்பாடுதான் இது. இங்கே கடல் அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

இந்த வேறுபாடு பணத்திலும் தெரியும். சாலை வழியாக வருகிறவர் புளியோதரையும் தண்ணீர்ப் புட்டிகளும் வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு வருகிறார். கரையில் அவர் விட்டுப்போவது அவற்றின் உறைகளும் வெற்றுப் புட்டிகளும். சங்கு மாலை ஒன்று, நுங்கு இரண்டு, மீனவப் பெண்கள் ஓலைக் கொட்டகையில் பொரித்துக் கொடுக்கும் மீன் ஒரு தட்டு என வாங்குகிறவர் உண்டு. அதற்கும் கோடையில் ஒரு சிக்கல். தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. நாட்டுப்படகு கொண்டுவருவது மட்டுமே கிடைக்கும். விடுமுறைக் கூட்டம் வருவதும் மீன் அருகுவதும் விலை ஏறுவதும் ஒரே மாதங்களில். பயணி ‘கடலோரத்தில் மீன் இவ்வளவு விலையா’ என்று கோபப்படுவார். தடை முடிந்த பிறகு வந்தால் அந்தக் கோபம் மிச்சம்.

முதல் மறுப்பு எளிதில் வரக்கூடியது. சாலை இல்லாததைப் புகழ்வது, அங்கே வாழாதவர்களின் சொகுசு. பிரசவ வலி கண்டவளுக்கும் பாம்பு கடித்தவனுக்கும் படகு நேரம் ஓர் அழகிய ஒழுங்காகத் தெரியாது. நெடுந்தீவுக்காரர்களுக்கு இந்தக் கடல்வழி வெறும் சிரமத்தின் கதையும் அல்ல. 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் போய்க்கொண்டிருந்த பொதுமக்கள் வெட்டிக் கொல்லப்பட்டதை ஆண்டுதோறும் நினைவுகூர்கிறார்கள். வைகாசியில் அந்தப் படகுத்துறைக்குப் போகிற பயணி இதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. மறுப்பை நான் முழுதாக ஏற்கிறேன். தனுஷ்கோடி மீனவருக்குத் தார்ச்சாலை கிடைத்தது நியாயம். அது இன்னும் முன்பே கிடைத்திருக்க வேண்டும். என் வாதம் ஊரவரின் சாலையைப் பற்றியது இல்லை. ஊரவருக்குப் போட்ட சாலையில் வெளியூர்க்காரர் எந்த நேரத்திலும், எந்த வண்டியிலும், எத்தனை பேராகவும் வரலாம் என்று விட்டதைப் பற்றியது. இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாதா?

இரண்டாவது மறுப்பு கொஞ்சம் நுட்பமானது. யாழ்ப்பாணத் தீவுகளுக்குக் கோடையில் வருகிறவர்களில் பலர் அந்த மண்ணுக்கு உறவானவர்கள். கனடாவிலும் ஐரோப்பாவிலும் பள்ளி விடுமுறை விடும் ஜூலை, ஆகஸ்டில் நல்லூர்த் திருவிழாவின் 25 நாளையும் ஒட்டி வருகிறார்கள். அதற்கு முன் ஆனியில் நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழா. சொந்த ஊருக்கு வருகிறவர் பொறுமையாக இருப்பார், அதற்கும் படகுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. நயினாதீவின் நாகவிகாரைக்குத் தென்னிலங்கையிலிருந்து பேருந்து பேருந்தாக வரும் சிங்கள யாத்திரிகர்களுக்கு அந்தத் தீவில் உறவு கிடையாது. அவர்களும் வரிசையில் நின்று, பாதுகாப்பு அங்கி மாட்டி, படகு சொல்கிற நேரத்துக்குத்தான் போய்வருகிறார்கள். மாறாக, காரைநகர் கசூரினா கடற்கரைக்குப் பொன்னாலைப் பாலம் வழியாக வாகனத்திலேயே போகலாம். அங்கே விடுமுறை நாளில் போகிறவர் தனுஷ்கோடியில் காண்பதையே காண்பார், பாட்டுச் சத்தமும் குப்பையும் உட்பட. உறவு இருந்தும் பயனில்லை. இந்தியப் பக்கத்திலும் இதற்கு மறுதலை உண்டு: குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறைப் படகில்தான் போக முடியும். அங்கே போகிறவர் ராமேசுவரத்தில் அரைமணி நேரத்தில் திரும்பிய அதே ஆள்தான். படகில் ஏறியதும் வேறு விதமாக நடந்துகொள்கிறார்.

படகுக் கரைக்கும் குறை உண்டு. பெருந்திரள் வரும் நாட்களில் குறிகட்டுவானில் பயணி வரிசையும் ஊரவர் வரிசையும் ஒன்றாகிவிடும். சந்தைக்குப் போய்த் திரும்பும் தீவுப் பெண்ணுக்கு இடமில்லாமல் போவதும் பயணத்தின் விளைவுதான். தண்ணீர் இன்னொன்று. நெடுந்தீவில் நல்ல தண்ணீர் அரிது. வறட்சியில் குதிரைகள் நீரின்றி மடிந்ததும் உண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டில் சுண்ணாம்புக்கல்லுக்குள் தங்கும் மழைநீர்தான் கிணற்றுநீர். மிதமிஞ்சி இறைத்தால் உப்பு ஏறிவிடும். கோடையில் அங்கே தங்குகிற விருந்தாளி நாளுக்கு மூன்று முறை குளிப்பது தன் உடம்புக்கு இதம், கிணற்றுக்கு அல்ல. ராமேசுவரத்துக்குக் காவிரிக் கூட்டுக் குடிநீர் குழாயில் வருகிறது என்றாலும், அதுவும் வெகுதூரத்து ஆற்றின் தண்ணீர்.

பருவத்தைப் பற்றி இரண்டு நாட்டு வழக்கமும் ஒரே தவறைச் செய்கின்றன: விடுமுறையைப் பார்த்துத் தேதி குறிக்கின்றன, காற்றைப் பார்ப்பதில்லை. பங்குனியும் சித்திரையும் கடல் அடங்கியிருக்கும் மாதங்கள். வெயில் கொடியது, படகுப் பயணம் சுகமானது. நெடுந்தீவுக்கு இதுவே நேரம், வெயிலைக் காலை வேளையால் சமாளித்துக்கொள்ளலாம். ஆனி, ஆடியில் தென்மேற்குச் சோளகக் காற்று வெக்கையைக் குறைக்கும், ஆனால் திறந்த கடலில் படகைப் புரட்டும். காற்றுப் பலத்தால் சேவை நிற்கிற நாளும் வரும். ஆகவே நல்லூருக்கு வருகிறவர் நெடுந்தீவைக் கடைசி நாளுக்கு ஒதுக்கி வைக்கக் கூடாது. தனுஷ்கோடியில் அதே ஆடிக் காற்று மணலை அள்ளிச் சாலையையே மூடும். அப்போது ராமேசுவரத் தீவின் வடகரையில் நிம்மதியாக உட்காரலாம். ஆடி அமாவாசை அன்று ராமேசுவரம் அக்னி தீர்த்தத்திலும் யாழ்ப்பாணத்துக் கீரிமலைக் கேணியிலும் ஒரே சடங்குக்காகக் கூட்டம் நெரியும். பொழுதுபோக்கப் போகிறவர் அந்த நாளை விட்டுவிடுவது இரு கரையிலும் மரியாதை.

இனி ஊரவரின் சாலையையும் வெளியூர்க்காரரின் வரவையும் பிரித்துப் பார்க்கும் காரியத்துக்கு வருவோம். முகுந்தராயர் சத்திரத்தில் வெளியூர்க் கார்களை நிறுத்திவிட்டு, அங்கிருந்து ஏறத்தாழ ஒன்பது கிலோமீட்டருக்கு உள்ளூர் ஓட்டுநர்களின் பொது வண்டிகளைக் குறித்த நேரத்துக்கு விட்டால் என்ன? மீனவரின் வண்டிக்கும் நோயாளியின் வண்டிக்கும் எந்தத் தடையும் வேண்டாம். முதியவர்களால் நடக்க முடியாது என்பார்கள். நடக்கச் சொல்லவில்லையே, வண்டி இருக்கிறதே. வருமானம் குறையும் என்பார்கள். வண்டி ஓட்டுகிறவருக்குக் கூலி, அடுத்த வண்டி வரும்வரை காத்திருக்கிறவர் வாங்கும் மீனுக்கும் நுங்குக்கும் காசு, இவை இப்போது கிடைப்பதைவிடக் கூடும் என்றே எனக்குத் தோன்றுகிறது. தனுஷ்கோடியில் பூநாரைகளுக்குச் சரணாலயம் என்று 2025இல் தமிழ்நாடு அரசு அறிவித்திருக்கிறது. பறவைகளுக்காகவாவது வண்டிகளை எண்ணித்தான் விட வேண்டியிருக்கும். குறிகட்டுவானில் செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறு: திருவிழாக் காலத்திலும் நீண்ட விடுமுறையிலும் தீவு மக்களுக்குத் தனி வரிசை, ஒவ்வொரு படகிலும் அவர்களுக்கென ஒதுக்கிய இருக்கைகள். அது வரும் வரைக்கும், துறையில் கையில் மருந்துச் சீட்டோடும் சந்தைப் பையோடும் நிற்கிறவரை முன்னே விட்டுவிட்டுப் பயணி அடுத்த படகில் போகலாம்.