நரம்பு என்றால் எது?

போன வருடம் அம்மாவுக்குக் கர்ப்பப்பை இறக்கத்துக்காக ஆபரேஷன். முந்தின நாள் ஒரு ஒப்புதல் படிவம் கொடுத்தார்கள். தமிழில்தான் இருந்தது. முதுகில் மயக்க ஊசி போடுவதால் அரிதாக 'நரம்பு பாதிப்பு' ஏற்படலாம் என்று அதில் ஒரு வரி. அம்மா படித்துவிட்டு, "நரம்புதானே, போன தடவ ட்ரிப்ஸ் போட்டப்பவும் வீங்குச்சு. ஒத்தடம் குடுத்தா சரியாயிடும்" என்று கையெழுத்துப் போட்டாள். பக்கத்தில்தான் இருந்தேன். எனக்கும் உறைக்கவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அந்த வரிதான் என்னை விடவில்லை.

பள்ளிப் பாடப்புத்தகத்தில் குழப்பமே கிடையாது. மூளைக்கும் உடம்புக்கும் இடையே செய்தி கடத்துவது நரம்பு. ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவருவது சிரை, அங்கிருந்து கொண்டுபோவது தமனி. ஆனால் வீட்டில் எல்லாமே நரம்புதான். புறங்கையில் பச்சையாக ஓடுவது நரம்பு. சுளுக்கினால் பிசகுவதும் நரம்பு. ஊசி போட வந்த நர்ஸும் "நரம்பே சிக்கலையேம்மா" என்றுதான் தட்டித் தேடினார். இது அறியாமை இல்லை. யாழின் தந்தியை நரம்பு என்றது சங்கத் தமிழ். இலையில் ஓடுவதையும் அப்படித்தான் சொல்கிறோம். நீளமாக, இழைபோல ஓடுவதெல்லாம் நரம்பு. அம்மா வாசித்தது அந்தப் பழைய சொல்லை. படிவம் எழுதியவர் எழுதியது பாடப்புத்தகச் சொல்லை.

இந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டிய முன்னோடிகளில் ஒருவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரி டாக்டர். மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார், அதற்கான பாடநூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். 1872இல் வந்த உடற்கூற்று நூலின் பெயர் 'மனுஷ அங்காதிபாதம்'. என் காதில் அது கேசாதிபாதம் மாதிரி விழுகிறது, தலைமுடி தொடங்கிப் பாதம்வரை வர்ணித்துப் பாடும் சிற்றிலக்கியம் மாதிரி. வேதியியல் நூலுக்கு 'கெமிஸ்தம்' என்றே பெயர் வைத்துவிட்டார்.

இன்றைக்கு இந்தப் பெயர்களைப் பார்த்துச் சிரிப்பது ஈஸி. வடமொழி அதிகம், தனித்தமிழ் இல்லை என்று குறை சொல்வதும் ஈஸி. ஆனால் கிரீனின் வாசகர்கள் மாணவர்கள். அங்காதிபாதம் என்ற சொல் புரியாவிட்டாலும் சொல்லித்தர ஆசிரியர் இருந்தார், பழக வருஷங்கள் இருந்தன. அம்மாவுக்கு இருந்தது ஐந்து நிமிஷமும் ஒரு பேனாவும்.

அதனால்தான் கலைச்சொல் பற்றிய நம் சண்டை தப்பான இடத்தில் நடக்கிறது என்று நினைக்கிறேன். சிரையா வெயினா, சர்க்கரையா நீரிழிவா என்று மணிக்கணக்கில் பேசுகிறோம். நரம்பு என்பது தூய தமிழ்ச் சொல், எல்லாருக்கும் தெரிந்த சொல். அதுதான் ஏமாற்றியது. தெரியாத சொல்லாக இருந்திருந்தால் அம்மா யாரையாவது கேட்டிருப்பாள். அந்த இடத்தில் வேண்டியிருந்தது இன்னொரு கலைச்சொல் இல்லை, ஒரு வாக்கியம்: 'கால் மரத்துப்போகலாம், பலம் குறையலாம்.'

வீட்டுக்கு வந்தபிறகு அம்மாவிடம் அதை விளக்கினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"மொதல்லயே தெரிஞ்சிருந்தா கையெழுத்துப் போட்டிருக்க மாட்டியாம்மா?"

"போட்டிருப்பேன்டா. ஆனா நாலு கேள்வி கேட்டுட்டுப் போட்டிருப்பேன்."