நட்சத்திர விழாவை எப்படி ரசிப்பது?

நிதி திரட்டும் நட்சத்திர விழா டிவியில் ஓடினால், "இதையெல்லாம் யாரு பார்ப்பா?" என்று வீட்டில் ஒருவராவது கேட்பார். கேட்டுவிட்டு அவரும் உட்கார்ந்து பார்ப்பார். ஆட்டம் சுமார், ஜோக் அரதப் பழசு, விளம்பரத்துக்கோ முடிவே இல்லை. இருந்தும் சேனல் மாற்ற மனம் வராது. ஏற்காட்டில் மழைக்கு டிஷ் சிக்னல் போனால், வந்துவிட்டதா என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் போட்டுப் பார்ப்பவர்கள் உண்டு.

சினிமாவாக நினைத்துப் பார்த்தால் இந்த விழாக்கள் தேறாது. மொய் விருந்தாக நினைத்துப் பாருங்கள், ருசி பிடிபடும். புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கம் ஆடியில் நடக்கும் மொய் விருந்தில் கறிச்சோறு ஒரு சாக்கு. யார் வந்தார், என்ன எழுதினார், நோட்டில் எவ்வளவு ஏறியது என்பதுதான் விசேஷம். டிவி விழாவில் ஆட்டமும் பாட்டும் அந்தக் கறிச்சோறு.

சொதப்பலைத் தேடுங்கள்

2016 ஏப்ரல் 17, ஞாயிற்றுக்கிழமை. சென்னை சேப்பாக்கத்தில் நடிகர் சங்கக் கட்டட நிதிக்காக நட்சத்திர கிரிக்கெட். எட்டு அணிகள், எல்லாவற்றுக்கும் ஊர்ப்பெயர். விஜய் சேதுபதிக்கு ராம்நாட் ரைனோஸ். ஏற்காடு இருக்கும் நம் சேலம் ஜில்லாவுக்கு ஆர்யா தலைமையில் சேலம் சீட்டாஸ். ஊர்ப்பெயர் ஒட்டிய பிறகு நடுநிலை ஏது? ஏற்காட்டுக்காரர் சேலம் பக்கம்தான் சாய்வார்.

இதில் கவர் டிரைவைத் தேடக்கூடாது. திரையில் பத்துப் பேரைப் பறக்கவிடுகிறவர், கைக்கு வந்த கேட்சை விட்டுவிட்டு அசட்டுச் சிரிப்புச் சிரிப்பார். ரீடேக் கிடையாது, டூப் கிடையாது. அந்தச் சிரிப்புக்காகத்தான் இந்த நிகழ்ச்சி.

கடைசி ஒரு மணி நேரத்தை விடாதீர்கள்

இந்த விழாக்களின் பலமே நீளம்தான். 1949இல் அமெரிக்க நகைச்சுவை நடிகர் மில்டன் பெர்ல் புற்றுநோய் ஆராய்ச்சிக்காக 16 மணி நேரம் தொடர்ந்து டிவியில் நின்றார். சுமார் 11 லட்சம் டாலருக்கு வாக்குறுதி வந்தது. அவருக்குப் பின் ஜெர்ரி லூயிஸ், தசைச் சிதைவு நோயாளிகளுக்காக 1966 முதல் 2010 வரை ஆண்டுதோறும் செப்டம்பர் முதல் வாரத்தில் இதையே செய்தார். தொடக்கத்தில் கழுத்தில் கச்சிதமாக இருக்கும் போ டை, முடியும் நேரத்தில் அவிழ்ந்து தொங்கும். குரல் கம்மும். களைப்பு ஏறஏற மேக்கப்புக்குள் இருக்கும் ஆள் வெளியே வருவார். அதற்காகவே கண் விழிக்கலாம்.

எண்பலகையில் ஒரு கண்

சிலி நாட்டில் 1978இல் டான் பிரான்சிஸ்கோ என்ற தொகுப்பாளர், மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்காக 27 மணி நேர நிகழ்ச்சி நடத்தினார். வைத்த இலக்கை விட இரண்டு மடங்குக்கு மேல் சேர்ந்தது. பலகையில் ஏறும் தொகை இலக்கை எட்டுமா எட்டாதா என்ற அந்தப் படபடப்பு, கடைசி ஓவருக்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல.

பணம் வரும் வழியைப் பாருங்கள்

அந்த அமெரிக்க விழாக்களில் பார்ப்பவர் போன் போட்டுக் கொடுத்தார். நம் ஊரில் பெரும்பாலும் அப்படி இல்லை. 2016 கிரிக்கெட்டின் ஒளிபரப்பு உரிமையை சன் டிவி 9 கோடி ரூபாய்க்கு வாங்கியதாக அப்போது செய்தி. சேனல் அதை விளம்பரத்தில் எடுக்கிறது. விளம்பரம் நம்மை நம்பி வருகிறது. ஆக, நாம் உட்கார்ந்து பார்ப்பதுதான் மொய். விளம்பர இடைவேளையில் காப்பி போட எழுந்து போகிறோமே, மொய் எழுதப்படுவதே அப்போதுதான்!

பரிசாக வரும் பணமும் உண்டு. 2013இல் கமல்ஹாசன் 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி' என்ற டிவி வினாடி வினாவில் உட்கார்ந்து வென்ற 50 லட்சம், எச்.ஐ.வி. பாதித்த குழந்தைகளுக்கான 'பெற்றால்தான் பிள்ளையா' அமைப்புக்குப் போனது. அறிவாளி திணறுவதைப் பார்க்க உட்கார்ந்தவரும், பதில் தப்பினால் குழந்தைகளுக்குக் குறையுமே என்று பதறியிருப்பார்.

பெறுபவரை எப்படிக் காட்டுகிறார்கள்?

நல்ல விழாவையும் மட்டமானதையும் இங்கே பிரித்துவிடலாம். நோயாளிகளைப் பரிதாபப் பொருளாகக் காட்டுகிறார் என்று ஜெர்ரி லூயிஸை எதிர்த்து 1990களில் போராடியவர்களில், சிறுவயதில் அதே நிதி திரட்டலின் விளம்பர முகமாக இருந்தவர்களே உண்டு. சோக இசை போட்டுக் கண்ணீரை குளோசப்பில் காட்டினால் உஷாராகுங்கள். 2009இல் என்டிடிவி நடத்திய 24 மணி நேர 'கிரீனத்தான்' கேட்டது, மின்சாரம் இல்லாத கிராமங்களுக்குச் சூரிய விளக்கு. எதற்குக் கொடுக்கிறோம் என்பது பளிச்சென்று தெரிந்தது.

விழா முடிந்த பிறகும் பாருங்கள்

நடிகர் சங்கக் கட்டடத்துக்கு 2017 மார்ச் 31இல் அடிக்கல் நாட்டினார்கள். பிறகு வழக்கு, பணத் தட்டுப்பாடு என்று வேலை பல வருஷம் நின்றது. கோடியில் சம்பளம் வாங்குகிறவர்கள் மக்களிடம் ஏன் கேட்கிறார்கள் என்று கிரிக்கெட் நடந்தபோதே சிலர் கேட்டார்கள். அந்தக் கேள்வியும் ரசனையில் சேர்த்திதான். மொய் விருந்தில் எழுதிய நோட்டு பத்திரமாக இருக்கும். எழுதியவர் தன் முறைக்குக் கணக்குப் பார்ப்பார். நேரத்தை மொய்யாக எழுதிய நாமும் கட்டடம் எந்த மாடியில் நிற்கிறது என்று கேட்கலாம், தப்பில்லை.