தையற்காரியின் பிரயாண நோட்டு

பிரயாணக் கட்டுரை என்றாலே எனக்குச் சற்றுப் பயம். விமானம் ஏறியவர்களில் பாதிப்பேர் திரும்பி வந்ததும் ஒரு புஸ்தகம் எழுதிவிடுகிறார்கள். ஊர்ப் பெயர்களை மாற்றிவிட்டால் ஒருவருடைய புஸ்தகம் மற்றவருக்கும் பொருந்தும். கோபுரத்தின் உயரம், ஆற்றின் நீளம், ஹோட்டலில் ரசம் சாதம் கிடைக்காத துக்கம், கடைசியில் நம் நாட்டைப் போல வருமா என்று ஒரு பெருமூச்சு. எழுதியவர் யார், அவர் என்ன வேலை செய்கிறவர், எதைப் பார்த்தால் அவருக்குக் கண் விரியும் என்பது மட்டும் 300 பக்கம் படித்தாலும் தெரியாது.

இந்த அபிப்பிராயத்தை நான் வெகுநாளாக வைத்துக்கொண்டிருந்தேன். அபிப்பிராயம் சரிதான். ஆனால் அதற்கு விலக்கான எழுத்து ஒன்று என் கைக்கே வந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. அந்தத் தவற்றைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

என் பெரியம்மா மகள், எனக்கு அக்கா முறை, காளப்பநாயக்கன்பட்டியில் இருக்கிறாள். கொல்லிமலையின் அடிவாரம். அங்கிருந்து காரவள்ளி போய், 70 கொண்டை ஊசி வளைவு ஏறினால் மலை. பலாவும் அன்னாசியும் மிளகும் இறங்கிவருகிற வழி அது. அக்கா பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். தையற்கடைகளில் மிஞ்சும் வெட்டுத்துணியை வாங்கிவந்து ஒட்டுப் போர்வை தைப்பது அவளுடைய பைத்தியம். துண்டுகளை இணைத்து மேல்துணி, நடுவே பஞ்சு, அடியில் ஒரு துணி. மூன்றையும் சேர்த்து ஓட்டுத் தையல். ஆங்கிலக்காரர்கள் க்வில்ட் என்று சொல்வது இதைத்தான். மலைக்காற்று கீழே இறங்கும் மார்கழியில் அந்தப் போர்வையின் அருமை தெரியும்.

அத்தான் காலமான பிறகு, அமெரிக்காவில் இருக்கும் மகள் அக்காவை அழைத்துக்கொண்டாள். ஹூஸ்டன் நகரம். பிறகு இங்கிலாந்தில் ஓர் உறவினர் வீடு. இன்னொரு தடவை யாத்திரைக் கம்பெனியோடு எகிப்து. மூன்று பிரயாணத்துக்கும் சேர்த்து ஒரு கோடு போட்ட நோட்டு. அதை என்னிடம் கொடுத்து, "தம்பி, படிக்கிற மாதிரி இருந்தாப் பாரு" என்றாள். அப்போது நான் ஓர் ஆண்டு மலருக்குப் பொறுப்பாக இருந்தேன். படித்தேன். திருத்தினேன். அதாவது, மூன்றில் இரண்டு பங்கை அடித்தேன்.

அடித்ததற்கு எனக்கு நல்ல காரணங்கள் இருந்தன. ஹூஸ்டனைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதியவள் அந்த ஊரின் விண்வெளி நிலையத்தைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. எகிப்தில் பிரமிடுக்கு நாலு வரி; பழைய கெய்ரோவில் குப்பை மேடாகக் கிடக்கும் இடத்துக்கு மூன்று பக்கம். துணிக்கடை என்றால் விலை, அகலம், கெஜக் கணக்கு. இதையெல்லாம் எந்த வாசகர் படிப்பார் என்று நான் எண்ணினேன். வெட்டியதோடு நில்லாமல் சுதந்திர தேவி சிலையைப் பற்றி நானே ஒரு பாரா சேர்த்தேன். அக்கா நியூயார்க்குக்கே போகவில்லை.

அச்சான மலரை அவள் கையில் கொடுத்தேன். நிதானமாகப் படித்தாள். சிலையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "வெட்டின துண்டெல்லாம் எங்கே வச்சிருக்கே?" என்று மட்டும் கேட்டாள். ஒட்டுப் போர்வை தைக்கிறவர்களுக்கு இது இயல்பான கேள்வி. வெட்டியதை எறிகிற வழக்கம் அவர்களுக்கு இல்லை. நல்லவேளையாக நோட்டு என்னிடம் பத்திரமாக இருந்தது. வீட்டுக்கு வந்து, சிவப்பு மசிக்கு அடியில் இருந்ததை மட்டும் படித்தேன்.

ஹூஸ்டனில் ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் போர்வைக் கண்காட்சி நடக்கிறது, 1970-களில் தொடங்கியது. பல நாடுகளிலிருந்து போர்வைகள் வரும். தொட்டுப் பார்க்க அனுமதி கிடையாது. ஆனால் வெள்ளைக் கையுறை போட்ட பெண்கள் நிற்பார்கள். கேட்டால் ஒரு மூலையைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டுவார்கள். அக்கா எழுதியதில் முக்கால்வாசி பின்பக்கத்தைப் பற்றித்தான். முன்பக்கம் வர்ணத்தால் மயக்கும். முடிச்சு எங்கே விழுந்தது, நூல் எங்கே தீர்ந்தது, கை எங்கே அலுத்தது என்பதெல்லாம் பின்னால்தான் தெரியும் என்கிறாள். பரிசு வாங்கிய போர்வை ஒன்றில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று எண்ணி, அதன் நடுவில் தையல் நெருங்கியும் ஓரத்தில் விலகியும் இருப்பதைக் கண்டு, முடிக்கும் அவசரம் என்று குறித்திருக்கிறாள். நான் 40 வருஷமாக நாவல்களுக்கு மதிப்புரை எழுதுகிறவன். ஒரு நாவலின் கடைசி அத்தியாயங்களை இதைவிடச் சரியாக நான் விமரிசித்ததாக ஞாபகம் இல்லை.

துணிக்கடைப் பக்கங்களும் அப்படியே. அமெரிக்காவில் கால் கெஜத் துணியைக் குறுக்கே மட்டும் கீறித் தருவதில்லையாம். 44 அங்குல அகலத் துணியில் கால் கெஜம் என்றால் 9 அங்குலத்துக்கு ஒரு நாடா மாதிரிதான் வரும்; பெரிய பூவை அதில் முழுசாக வெட்ட முடியாது. அதனால் அரை கெஜம் கிழித்து, அதை நடுவில் இரண்டாக்கி, 18க்கு 22 என்று கிட்டத்தட்டச் சதுரமாகத் தருகிறார்கள். அதே துணி, அதே அளவு; வெட்டுகிற விதத்தில் உபயோகம் மாறிவிடுகிறது. இதைக் கடைக் கணக்கு என்று அடித்தேன். ஒரு தேசத்தின் கடைக்காரன் தன் வாடிக்கைப் பெண்ணின் தேவையை எவ்வளவு நுட்பமாக யோசித்திருக்கிறான் என்பதற்கு இதைவிட வேறு வர்ணனை என்ன வேண்டும்?

இன்னொரு கடையில் 'மெட்ராஸ்' என்று பெயரிட்ட கட்டம் போட்ட துணியைப் பார்த்திருக்கிறாள். 1950-களின் இறுதியில், துவைத்தால் சாயம் போகிற மெட்ராஸ் துணியை, சாயம் போவதையே ஒரு பெருமையாக விளம்பரம் செய்து அமெரிக்காவில் விற்றார்கள். நம் வீட்டில் சாயம் போனால் கடைக்காரனோடு சண்டை. அக்கா சண்டையும் போடவில்லை, பெருமையும் படவில்லை. துணி ஓரத்தை விரலில் தேய்த்துப் பார்த்து, இப்போது சாயம் போகாது என்று எழுதி, பக்கத்தில் ஒரு துண்டைக் குண்டூசியால் குத்தி வைத்திருக்கிறாள்.

எகிப்தின் குப்பை மேட்டுக்கு வருகிறேன். அந்த இடம் ஃபுஸ்தாத். ஏழாம் நூற்றாண்டில் அராபியர் அமைத்த தலைநகரம். 1168-இல் தீக்கு இரையானது. அதன் இடிபாடுகளிலும் குப்பை மேடுகளிலும், வறண்ட மணலின் புண்ணியத்தால் பருத்தித் துணிகள் மக்காமல் கிடைத்தன. எகிப்தின் வேறு சில பழைய இடங்களிலும் அப்படியே. நியூபெரி என்ற ஆராய்ச்சியாளர் சேகரித்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகள் 1946-இல் ஆக்ஸ்போர்டின் ஆஷ்மோலியன் மியூசியத்துக்கு வந்தன. மெழுகோ பசையோ தடவி, அவுரியும் மஞ்சிட்டியும் ஏற்றிய அந்தத் துணிகளில் பெரும்பாலானவை இந்தியாவில், முக்கியமாகக் குஜராத்தில், அச்சிடப்பட்டவை என்பது இன்று நிலைபெற்ற முடிவு. பத்தாம் நூற்றாண்டு வரை பழையவையும் அவற்றில் உண்டு.

சரித்திர ஆசிரியர்கள் இதிலிருந்து வியாபாரத்தைப் பேசுவார்கள். நாமாக இருந்தால் அன்றே இந்தியத் துணி கடல் கடந்தது என்று மார் தட்டுவோம். அக்கா ஆக்ஸ்போர்டில் சில துண்டுகளைப் பார்த்தவள் பேசுவது வேறு. ஓரம் மடித்துத் தைத்திருக்கிறது. ஒன்றோடு ஒன்று இணைத்திருக்கிறது. கிழிந்த இடத்தில் ஒட்டு. கப்பலில் ஏற்றும்போது இது இல்லை. வாங்கின பெண் தைத்தது. கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்பது நம் பழமொழி. நைல் நதிக்கரையிலும் ஒருத்தி அப்படியே செய்திருக்கிறாள். இதைக் கண்ட பிறகுதான் எகிப்துக்குப் போகையில் மற்றவர்களை ஒட்டகத்தின் மேல் விட்டுவிட்டு, அந்த மேட்டைக் காட்டு என்று வழிகாட்டியை அவள் நச்சரித்திருக்கிறாள். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. செங்கல், மண், உடைந்த ஓடு. ஆனாலும் மூன்று பக்கம். ஒரு இடிபாட்டைப் பார்க்கப் போகிறவர்கள் சாதாரணமாக ராஜாவைத் தேடுவார்கள். இவள் ஊசியைத் தேடினாள்.

துணியை இலக்கியத்தோடு சேர்த்துப் பேசுவது அதிசயமல்ல. வங்காளக் கவிஞர் ஜசீமுத்தீன் 1929-இல் எழுதிய நெடுங்கதைக் கவிதையில், கணவனைப் பிரிந்த கிராமத்துப் பெண் தன் வாழ்க்கை முழுவதையும் பழம்புடவைப் போர்வையில், காந்தாவில், தைத்து, அதைத் தன் சமாதிமேல் விரிக்கச் சொல்லிவிட்டு இறக்கிறாள். நம் 'கந்தை'யும் அவர்கள் 'காந்தா'வும் ஒரே வேரில் வந்தவை என்று சொல்லுவார்கள். அவர்கள் அதைக் காவியமாக்கினார்கள். நாம் வசவாக வைத்துக்கொண்டோம்.

தமிழிலும் ஒருவர் ஒட்டுப் போட்டார். 'உலகம் சுற்றும் தமிழன்' எழுதிய ஏ. கே. செட்டியார், நூறு படப்பிடிப்பாளர்கள் முப்பது ஆண்டுகளில் எடுத்திருந்த காந்திஜியின் படத் துண்டுகளை ஊர் ஊராக, நாடு நாடாகத் தேடி அலைந்து சேர்த்து, 50,000 அடியிலிருந்து ஒரு படத்தை இணைத்து 1940-இல் வெளியிட்டார். அதற்காக அவர் பிரயாணம் செய்தது சுமார் ஒரு லட்சம் மைல். அவருடைய பிரயாண எழுத்து இன்றும் நிற்பதற்குக் காரணம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அவருக்கு ஒரு வேலை இருந்தது. காமிராக்காரரின் கண் இருந்தது. வேலையாகப் போகிறவனுக்கு ஊர் தன்னைக் காட்டிக்கொடுக்கிறது. பார்க்கப் போகிறவனுக்குப் படத்தட்டையைத்தான் காட்டுகிறது.

அக்காவின் நோட்டில் குறைகளே இல்லை என்று சொன்னால் நான் விமரிசகன் அல்ல. மனிதர்கள் அதில் போதாது. போர்வையை ஆராய்கிற அளவுக்கு அதைத் தைத்தவளை அவள் விசாரிப்பதில்லை. அலபாமா மாநிலத்து ஜீஸ் பெண்ட் கிராமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆற்று வளைவில், அடிமைகளாக இருந்தவர்களின் சந்ததியார் வாழும் இடம். குளிருக்காகப் பழைய வேலை உடுப்புகளில் அவர்கள் தைத்த போர்வைகள் 2002-இல் ஹூஸ்டன் மியூசியத்திலும் பிறகு நியூயார்க்கிலும் நவீன ஓவியங்களைப்போல் சுவரில் தொங்கின. 2006-இல் தபால் தலையாகவும் வந்தன. 2007-இல், தங்களுக்கு உரிய பணம் சேரவில்லை என்று அந்தப் பெண்களில் சிலர் வழக்குத் தொடுத்தார்கள். மறு ஆண்டு அது முடிவுக்கு வந்தது. சுவரில் ஏறிய துணிக்கும் அதைத் தைத்த கைக்கும் நடுவே உள்ள இந்தத் தூரத்தைப் பற்றி அக்கா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். கரூரிலிருந்து படுக்கை விரிப்பு கப்பல் கப்பலாகப் போவதைப் பார்க்கிற நாமக்கல் பக்கத்துக்காரிக்கு அது தோன்றியிருக்கலாம்.

ஆனால் அந்தக் கிராமத்தைப் பற்றி அவள் எழுதிய ஒரு வரி இருக்கிறது. கண்காட்சியின் புஸ்தகக் கடையில் ஒரு போர்வையின் படத்தைப் பார்த்திருக்கிறாள். மிஸ்ஸௌரி பெட்வே என்ற பெண் 1942-இல் தைத்தது. கணவன் இறந்ததும் அவனுடைய வேலைச் சட்டைகளையும் கால்சட்டைகளையும் மகளைக் கூட வைத்துக்கொண்டு கிழித்து, ஒட்டி, அவன் நினைவாகப் போர்த்திக்கொள்ளவென்று தைத்தாள். உழைத்து வெளுத்த நீலமும் சாம்பலும். படத்தின் விவரத்தை எழுதிவிட்டு, அக்கா அடியில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "இங்கே எடுத்துக் கொடுத்துவிடவில்லை." அதற்கப்புறம் அந்தப் பக்கம் காலி.

அந்த வரியைத்தான் நான் முதலில் அடித்திருந்தேன். ஓரத்தில் 'பொருள் விளங்கவில்லை' என்று குறிப்பு வேறு.

அத்தானின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த சாயங்காலம், அவருடைய சட்டைகளையும் வேட்டிகளையும் மூட்டை கட்டி எடுத்துப் போய்க் கொடுத்தவன் நான். கண்ணில் பட்டால் அக்காவுக்குத் துக்கம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். நானும் அது உபகாரம் என்றே நினைத்தேன். அவளை யாரும் கேட்கவில்லை. தையற்காரியின் வீட்டிலிருந்து துணியை எடுத்துப் போகிறோம் என்று எனக்குத் தோன்றவும் இல்லை. 14 சட்டை என்று நினைவு.

நல்ல பிரயாண எழுத்து எது என்று வாசகர்கள் என்னைக் கேட்பதுண்டு. எழுதியவர் தன் வீட்டிலிருந்து எதைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார் என்பது தெரியவேண்டும். அதை எந்த ஊரில் இறக்கி வைத்தார் என்பதும் தெரியவேண்டும். கோபுரத்தின் உயரத்தை யாரும் எழுதலாம். அக்காவின் நோட்டு இந்தப் பரீட்சையில் தேறுகிறது. அதைத் திருத்திய நான் தேறவில்லை.

சென்ற மாதம் காளப்பநாயக்கன்பட்டிக்குப் போய், நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன். அடித்த இடங்களையெல்லாம் தனித்தாளில் என் கையாலேயே மறுபடி பிரதி எடுத்து வைத்திருந்தேன். அந்த ஒரு வரியைப் பற்றி நான் பேச்சு எடுத்தேன். பாதியில் தொண்டை அடைத்துக்கொண்டது. அக்கா தாள்களை வாங்கி, வரிசை சரிபார்த்து, நோட்டுக்குள் வைத்தாள். பிறகு, "உன்கிட்ட பழைய சட்டை இருந்தாக் கொடு தம்பி, நீலம் குறையுது" என்றாள்.