வில்லும் வேள்வியும்: யுத்த காண்டத்தில் ஆற்றல் சமநிலை

முன்னுரை

பினாங்கு, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையை ஒட்டிய உணவுக்கடை ஒன்றில், மாணவர் சிலர் பகடை உருட்டி, வீரனாகவும் மந்திரவாதியாகவும் வேடமேற்று ஆடியதை இக்கட்டுரையாளர் காண நேர்ந்தது. “மந்திரவாதிக்கு வாளும் கொடுத்துவிட்டால் வீரனுக்கு என்ன வேலை?” என்று அவர்களுள் ஒருவர் வினவினார். யுத்த காண்டம் கற்பிக்கும் ஆசிரியரும் எதிர்கொள்ள வேண்டிய வினா இது. கம்பரின் இந்திரசித்து வில்லிலும் வல்லவன், மாயத்திலும் வல்லவன். அங்ஙனமாயின் இலக்குவன் வெல்வது எங்ஙனம்? அவ்வெற்றியைக் கதைப்போக்கு ஈட்டித் தருகிறதா, அன்றி அறத்தின் பெயரால் கவிஞர் வழங்கிவிடுகிறாரா?

விலக்கும் ஒப்புமையும்

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரும் 1974இல் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இவ்வகை ஆட்டங்களுக்கு முன்னோடி. அதில் மந்திரவாதி குறுவாள் ஒன்றையே ஏந்தலாம். 1978ஆம் ஆண்டு விதிநூல் இதனை எண்ணால் வரையறுத்தது. தொடக்க நிலையில் வீரனுக்கு 4 படைக்கலப் பயிற்சிகள், மந்திரவாதிக்கு 1. பயிலாத படைக்கலத்தை எடுத்தால் வீரனுக்கு 2, மந்திரவாதிக்கு 5 எனத் தாக்குதல் மதிப்பு குறையும். 2008இல் வந்த நான்காம் பதிப்பு இருவரின் ஆற்றல்களையும் ஏறத்தாழ ஒரே சட்டகத்தில் அமைத்தது. வேறுபாடு மங்கிற்று என ஆடுவோர் பலர் குறைகூறினர். விலக்கு வேறுபாட்டைக் காக்கிறது, ஆயின் கதைக்குள் அதற்குக் காரணம் இல்லை. ஒப்புமை நடுநிலை தருகிறது, ஆயின் வேறுபாட்டை அழிக்கிறது.

கம்பர் வைக்கும் விலை

வான்மீகியின் கதையமைப்பைத் தழுவிய கம்பரிடம் மூன்றாவது வழி காணப்படுகிறது. இங்கு மந்திரத்திற்கு விலக்கு இல்லை; விலை உண்டு. வேள்வி காலத்தையும் காவலையும் வேண்டி நிற்பது. பால காண்டத்தில் விசுவாமித்திரர் பேராற்றல் உடையவர். எனினும் வேள்வி முடியும்வரை அவருக்கு இரு இளைஞரின் வில் தேவைப்படுகிறது. நோன்பில் இருப்பவர் சினந்து சபித்தல் ஆகாது என்பது வான்மீகி கூறும் காரணம். இராமனும் இலக்குவனும் அவ்வேள்வியைக் காத்தமைக்குக் கம்பர் கண்ணையும் இமையையும் உவமை ஆக்குகிறார்.

யுத்த காண்டத்தில் இவ்வமைப்புத் தலைகீழாகிறது. பிரமாத்திரத்தை முதலில் தொடுக்க விழைபவன் இலக்குவனே. உலகுகள் அழியும் என்று இராமன் தடுக்கிறான். அவ்வெண்ணத்தை அறிந்த இந்திரசித்து களம் நீங்கி, வேள்வி இயற்றி, மறைந்து நின்று அதனை ஏவுகிறான். இருவரிடமும் ஒரே படைக்கலம் உண்டு, வேறுபடுவது தன்னடக்கமே. பின்னர் நிகும்பலையில் அவன் மீண்டும் வேள்வி தொடங்க, அதனை அழிக்கச் செல்பவன் இலக்குவன். வேள்வி காத்த கையே வேள்வியைச் சிதைக்கிறது. காவலின் அருமையை உணர்ந்தவனே காவலற்ற வேள்வியின் மென்மையையும் அறிவான் என்று இதனைக் கொள்ளலாம்.

ஒரு தடை

இலக்குவனின் இறுதி அம்பு இராமனின் இறைமையையும் அறத்தையும் ஆணையாக வைத்து எய்யப்படுவது. ஆகவே வெற்றி அறத்தின் கொடையே என வாதிடலாம். வேள்வி சிதைந்தபோதே இருவரும் ஏறத்தாழ நிகரான வில்லாளர் ஆகிவிட்டனர். ஆணை அந்நிகரிடையே தீர்ப்பளிக்கிறது என்பதே பொருந்தும். எனினும் நிகும்பலையின் மறையை உரைத்தவன் வீடணன். மந்திரத்தை வென்றது வில் மட்டுமன்று, உறவு துறந்தவனின் சொல்லும் ஆகும். இச்சமநிலை முற்றிலும் தூயதன்று.

முடிவுரை

‘அறம் வென்றது’ என்ற ஒற்றை விடையோடு இப்பகுதியை முடித்துவிடுதல் வகுப்பறைகளில் பொதுவாக நிகழ்வது. அவ்விடை பிழையன்று, ஆனால் வெற்றி எவ்வாறு ஈட்டப்பட்டது, அதற்கு யார் எதை இழந்தார் என்னும் வினாக்களை அது மூடிவிடுகிறது. பகடை உருட்டும் மாணவர் அவ்வினாக்களோடுதான் வகுப்பிற்கு வருகின்றனர். அவற்றை விளையாட்டுப் பேச்சென ஒதுக்காது, காப்பியத்துள் நுழையும் வாயிலாகக் கொள்வது ஆசிரியர் கடன்.