கண்ணை முந்திய காது

வேவு செயற்கைக்கோள் என்றதும் நம் நினைவுக்கு வருவது கேமராதான். படச்சுருளைப் பாராசூட்டில் பூமிக்கு இறக்கிய அமெரிக்காவின் கொரோனா திட்டத்தைப் பற்றி எவ்வளவோ எழுதிவிட்டார்கள். ஆனால் கொரோனாவின் முதல் படச்சுருள் கைக்குக் கிடைத்தது 1960 ஆகஸ்ட் 19 அன்று. அதற்கு ஆறு வாரம் முன்பே, ஜூலை 5 அன்று, இன்னொரு அமெரிக்கச் செயற்கைக்கோளில் ஒட்டுக்கேட்கும் கருவி வேலையைத் தொடங்கியிருந்தது. கண்ணுக்கு முன்னால் காது போய்விட்டது.

அதன் பெயர் கிராப். அமெரிக்கக் கடற்படை ஆய்வகம் கட்டியது. 1958-இன் தொடக்கத்தில் பென்சில்வேனியாவில் பனிப்புயலில் சிக்கி, ஓர் உணவகத்தில் குடும்பத்தோடு ஒதுங்கியிருந்தார் ரீட் மேயோ என்ற பொறியாளர். நீர்மூழ்கிக் கப்பலின் பெரிஸ்கோப்பில் பொருத்தும் ரேடார் உணர்கருவியை ஏற்கெனவே செய்திருந்தவர். அதையே விண்ணுக்கு அனுப்பினால் என்ன என்று மேசை விரிப்புத் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டுப் பார்த்தார். கணக்கு சரியாக வந்தது.

விஷயம் எளிது. ரேடார் துடிப்பு நேர்கோட்டில் செல்வது, பூமியோ வளைந்தது. எல்லையோரம் பறக்கும் விமானத்துக்கு நாட்டின் உட்பகுதியில் இருக்கும் ரேடார் கேட்காது. அந்தத் துடிப்போ தொடுவானத்தைக் கடந்து விண்வெளிக்குப் போய்க்கொண்டே இருக்கும். அங்கே ஒரு காது இருந்தால் போதும். கிராப் எதையும் சேமிக்கவில்லை. ஒரு துடிப்பு வந்தால், அதற்கு ஈடாக வேறோர் அலைவரிசையில் ஒரு துடிப்பைக் கீழே அனுப்பியது, அவ்வளவுதான். சோவியத் எல்லைக்கு வெளியே சிறு குடில்களில் இருந்தவர்கள் அதைக் காந்த நாடாவில் பதிந்தார்கள். துடிப்புகளின் இடைவெளியைக் கொண்டே அது எந்த வகை ரேடார் என்று சொல்லிவிடலாம்.

விமானத்தில் போய்க் கேட்பதற்கு உயிரை விலை கொடுக்க வேண்டியிருந்தது. 1958 செப்டம்பரில் சோவியத் ஆர்மீனியா மேல் சுட்டு வீழ்த்தப்பட்ட அமெரிக்க சி-130 விமானத்தில் இருந்த 17 பேரும் மாண்டார்கள். கிராப் 1960 ஜூன் 22 அன்று ஏறியது. ஜூலை 1 அன்று பேரன்ட்ஸ் கடல் மேல் ஆர்பி-47 வேவு விமானம் வீழ்த்தப்பட்டது. நால்வர் இறந்தனர், இருவர் சிறைப்பட்டனர். நான்கு நாள் கழித்துத்தான் கிராப் காதைத் திறந்தது. யு-2 வேவு விமானம் சோவியத் வானில் வீழ்த்தப்பட்ட விவகாரத்தில் சூடுபட்டிருந்த அமெரிக்க அதிபர் ஐசனோவர் மிகவும் தயங்கியதால், அது கேட்டது மொத்தம் 22 முறைதான்.

51 சென்டிமீட்டர் குறுக்களவு, 19 கிலோ எடை கொண்ட அந்த உருண்டையை உலகுக்கு சோல்ராட் என்று, சூரியக் கதிர்களை அளக்கும் கருவி என்று அறிமுகப்படுத்தினார்கள். மறைப்புக்குச் சொன்னாலும் அது பொய்யில்லை. சூரியப் பிழம்பிலிருந்து வரும் எக்ஸ் கதிர்களே வானொலித் தொடர்பு மங்கக் காரணம் என்பதை அது நிறுவியது. வேடமே ஒரு நல்ல அறிவியல் ஆய்வாக அமைந்தது அபூர்வம்.

அடுத்த ஏவல் அதே ஆண்டு நவம்பர் 30 அன்று பிசகியது. ராக்கெட்டின் சிதிலங்கள் கியூபாவில் விழுந்ததில் ஒரு பசு செத்ததாகச் செய்தி வந்தது. கியூபா கடுமையாகக் கண்டித்தது. 1961 ஜூனில் போன இன்னொரு கிராப் மறு ஆண்டு வரை உழைத்தது. இதன் பின் வந்த பாப்பி வரிசையில் ஒரே ஏவலில் பல செயற்கைக்கோள்கள் போயின. ஒரே துடிப்பு ஒவ்வொன்றையும் வந்தடையும் நேர வித்தியாசத்தை வைத்து, அதை அனுப்பிய கப்பல் எங்கே நிற்கிறது என்று கண்டார்கள். சோவியத்தும் 1967-இல் ட்செலினா வரிசையைத் தொடங்கியது. 1970 முதல் அமெரிக்காவின் ரயோலைட் செயற்கைக்கோள், மிக உயரத்தில் நின்று ஏவுகணைச் சோதனைகளின் தொலை அளவைச் சமிக்ஞைகளைப் பிடித்து, ஆஸ்திரேலியாவின் பைன் கேப் நிலையத்துக்கு அனுப்பியது. பெரிய ஆன்டெனா, பெரிய செலவு. ஆனால் புத்திசாலித்தனத்தில் அந்தச் சின்ன உருண்டைக்கு எதுவும் ஈடில்லை என்பேன்.

கிராப் பற்றிய ரகசியத்தை 1998-இல்தான் விலக்கினார்கள். முதல் உருண்டை எப்போதோ ஓய்ந்துவிட்டாலும் பூமியைச் சுற்றுவதை இன்னும் நிறுத்தவில்லை.